அம்மா கைக்கு அளவெடுத்த பிரேஸ்: போன்ல ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ண முடியுமா? (ஏற்காடு)

மிளகுக்கொடி, ஏற்காடு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்கம்மா எஸ்டேட்ல மிளகு பறிக்கறப்ப சில்வர் ஓக் மரத்துல சாத்தி வெச்ச ஏணி சரிஞ்சு கீழ விழுந்துட்டாங்க. வலது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல எலும்பு முறிஞ்சிருச்சு. எலும்பு இப்ப ஒட்டிருச்சு, ஆனா அந்த எலும்ப ஒட்டியே சுத்திப் போற ரேடியல் நரம்பு அடிபட்டதுல மணிக்கட்டு தொங்கிப் போச்சு, தானா மேல தூக்க முடியல. நரம்பு தானா திரும்பி வர வாய்ப்பு நெறைய இருக்கு, ஆனா மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் மணிக்கட்ட தூக்கிப் பிடிக்கற பிரேஸ் போட்டே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ரெடிமேட் வாங்கிப் பாத்தாச்சு. அம்மாவுக்கு மணிக்கட்டு ரொம்ப ஒல்லி, ஆனா உள்ளங்கை அகலம், சின்ன வயசுலருந்து வேலை செஞ்ச கை. ஸ்மால் போட்டா கட்டைவிரல் அடியில அறுக்குது, மீடியம் போட்டா முன்கையில சுத்திக்கிட்டே போகுது, உள்ள இருக்கற தகடு ஒரு பக்கமா ஒதுங்கிடுது. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சேன், கேட் (CAD, கம்ப்யூட்டர்ல டிசைன் வரையறது) தெரியும், ஆனா மெஷின் பார்ட்டுதான் வரைஞ்சிருக்கேன், மனுஷக் கை வரைஞ்சதில்ல. சேலத்துல தெரிஞ்சவங்ககிட்ட 3டி பிரிண்டர் இருக்கு. போன்ல கைய ஸ்கேன் எடுத்து அதுக்கு மேல பிரேஸ் டிசைன் பண்ண முடியுமா, எங்கருந்து ஆரம்பிக்கறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேயர்லேயரா, ஐந்து ரோடு

தாராளமா முடியும் சிஸ்டர். நான் பிரிண்டிங் சர்வீஸ் பண்றேன். ஸ்கேன் எடுங்க, மேல்பரப்ப 2 மிமீ வெளிய தள்ளுங்க, 3 மிமீ கனம் குடுங்க, நடுவுல வெட்டி ரெண்டு ஓடா பிரிங்க, வெல்க்ரோ போட துளை விடுங்க, முடிஞ்சது. காத்து போக தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டா பாக்கவும் நல்லாருக்கும். நியூசிலாந்துல ஜேக் எவில்னு ஒரு டிசைன் ஸ்டூடண்ட் 2013லயே கார்டெக்ஸ்னு இந்த மாதிரி மாவுக்கட்டுக்கு மாத்தா ஒண்ணு டிசைன் பண்ணி உலகம் பூரா பேசினாங்க, தேடிப் பாருங்க. பிஎல்ஏன்ற (PLA) பிளாஸ்டிக்ல பிரிண்ட் அடிச்சா செலவு ரொம்ப கம்மி, ஒரு கிலோ ரோல் ஆயிரம் ரூபா சுமார்ல கிடைக்குது, உங்களுக்கு அதுல கால்வாசி கூட ஆகாது.

தாங்கிக்காரர், சேலம்

நான் பிராஸ்தெட்டிக்ஸ் ஆர்த்தோட்டிக்ஸ், அதாவது செயற்கைக் கை கால், பிரேஸ் செய்யற படிப்பு படிச்சு இந்த வேலையே பாக்கறவன். பொண்ணு, அம்மாவுக்காக நீ மெனக்கெடறது சந்தோஷம், அதனால முதல்லயே ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லிடறேன்.

//மேல்பரப்ப 2 மிமீ வெளிய தள்ளுங்க, 3 மிமீ கனம் குடுங்க, முடிஞ்சது//

இது முடிவே இல்ல தம்பி. ஸ்கேன்ல வர்றது கையோட உருவம். பிரேஸோட உருவம் வேற. எங்க தொழில்ல மாவுக்கட்டு சுத்தி கையோட அச்சு எடுப்போம், அதுக்குள்ள மாவு ஊத்தி கை மாதிரியே பொம்மை எடுப்போம், அதுக்கப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். எலும்பு தோலுக்கு நேர் கீழ இருக்கற எடத்துல மாவ பூசி ஒசத்துவோம், பிளாஸ்டிக் அங்க தொடக்கூடாதுன்னு. சதை இருக்கற எடத்துல அரத்தால ராவி இறக்குவோம், அங்க பிளாஸ்டிக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கணும்னு. கைய அப்படியே காப்பி அடிச்சு ஓடு செஞ்சா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தொடும், அப்ப முதல்ல புண்ணாகறது எலும்பு மேடுதான். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுல துருத்திட்டு இருக்கே ஒரு உருண்டை எலும்பு, அதுதான் முதல் எதிரி. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு ஓரத்து எலும்பும் அப்படித்தான்.

கம்ப்யூட்டர்ல பண்ணா தப்புன்னு சொல்ல வரல. மாவுல செய்யற அதே ஒசத்தல் இறக்கல கம்ப்யூட்டர்லயும் செய்யணும்னு சொல்றேன். எங்க ஒசத்தறதுன்னு சாஃப்ட்வேருக்கு தெரியாது, கைய தொட்டுப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அம்மா கைய நீயே விரலால தடவிப் பாத்து எலும்பு எங்கெல்லாம் தட்டுப்படுதோ அங்கெல்லாம் பேனாவால வட்டம் போடு, அதோட ஸ்கேன் எடு, அந்த வட்டம் கலரா ஸ்கேன்லயும் வரும்.

அப்புறம் அளவு. முன்கை நீளத்துல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் பிரேஸ் வரணும், கம்மியா வெச்சா நெம்பும், ஓரம் சதையில குத்தும். உள்ளங்கையில ரேகை ரெண்டு குறுக்க ஓடும் பாரு, விரல் பக்கம் இருக்கற ரேகைய தாண்டவே கூடாது, தாண்டினா விரல் மடங்காது, கை புடிக்காது. கட்டைவிரல் மேட்டச் சுத்தி நல்லா வழிச்சு வெட்டணும். மணிக்கட்டு 20லருந்து 30 டிகிரி மேல தூக்கின நிலையில இருக்கணும். ஸ்கேன் எடுக்கறப்பவே அந்த நிலையில எடு, தொங்கற கைய ஸ்கேன் எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல வளைச்சுக்கலாம்னு நெனைக்காத, வளைக்கறப்ப தோலும் சதையும் எப்படி நகரும்னு சாஃப்ட்வேர் கண்டுக்காது.

லேயர்லேயரா, ஐந்து ரோடு

அண்ணா இந்த ஒசத்தல் இறக்கல் விஷயம் எனக்கு உண்மையிலயே புதுசு, நன்றி. என்கிட்ட வர்ற கஸ்டமர் எல்லாம் ஃபைல குடுத்து அடிச்சுக் குடுங்கம்பாங்க, அது எப்படி வந்துச்சுன்னு கேக்க வாய்ப்பே இருக்காது.

சூரமங்கலம்_பிசியோ

நான் ஒண்ணு கேக்கறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. லோ டெம்பரேச்சர் தெர்மோபிளாஸ்டிக் ஷீட்டுன்னு ஒண்ணு இருக்கு, 65, 70 டிகிரி சுடுதண்ணில போட்டா துணி மாதிரி தொவண்டுடும், நேரா கை மேலயே வெச்சு வடிவம் எடுத்துடலாம், சில நிமிஷத்துல இறுகிடும், சரியில்லனா திரும்ப தண்ணில போட்டு மாத்தலாம். பழகின கை ஒரே உட்காரல்ல முடிச்சுடும். ஒரே ஒரு பிரேஸுக்கு ஸ்கேன், டிசைன், ராத்திரி பூரா பிரிண்ட்னு போறது எதுக்கு? புது டெக்னாலஜின்றதுக்காக மட்டும் செஞ்சா நேரம் வீண். நோயாளிக்கு எது சீக்கிரம் உதவும்னுதான் பாக்கணும்.

தாங்கிக்காரர், சேலம்

மேடம் சொல்றது ரொம்ப சரி. ஒத்த பிரேஸுக்கு ஷீட்டுதான் வேகம். நானே நாளைக்கு வந்தா அதத்தான் போட்டு விடுவேன்.

மிளகுக்கொடி, ஏற்காடு

மேடம், ஷீட் பிரேஸ் ஏற்கனவே ஒண்ணு போட்டாங்க, ஃபிட்டிங் அருமையா இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. பிரச்சனை என்னன்னா அம்மா அடுப்படியிலதான் இருக்காங்க, விறகடுப்பு. அடுப்பு பக்கத்துல வேலை செய்யச் செய்ய உள்ளங்கை பக்கம் வளைஞ்சு தட்டையாகிடுச்சு. அத சரி பண்ண கீழ எறங்கணும், இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி ஜங்ஷன் போயி காத்திருந்து திரும்ப சாயங்காலம் பஸ் புடிச்சு மேல வந்தா எனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு, அம்மாவுக்கு வளைவுல வாந்தி வேற. ஃபைல் ஒண்ணு சரியா கையில இருந்துட்டா, உடைஞ்சாலோ வளைஞ்சாலோ அடுத்தது பிரிண்ட் போட்டு பஸ்ல குடுத்து விடச் சொல்லிடலாம். அதுக்காகத்தான் இவ்ளோ கேக்கறேன்.

சூரமங்கலம்_பிசியோ

இது நியாயமான காரணம்ப்பா. அப்ப செய்ங்க, நானும் கூட வர்றேன்.

மாசக்கணக்குன்னு டாக்டர் சொன்னதுக்கு கணக்கு இருக்கு. நரம்பு திரும்ப வளர்ற வேகம் ஒரு நாளைக்கு சுமாரா 1 மிமீ. முறிஞ்ச எடத்துலருந்து முழங்கை பக்கத்துல இருக்கற, மணிக்கட்ட தூக்கற தசை வரைக்கும் நரம்பு வளர்ந்து போகணும், அந்த தூரத்த நீங்களே டேப்ல அளந்து பாருங்க, எவ்ளோ நாள்னு புரியும். முதல்ல மணிக்கட்டு தூக்கற தசைக்கு உயிர் வரும், விரல் நீட்டறது அப்புறம், கட்டைவிரல் நீட்டறது கடைசில. அதனால பிரேஸ் பல மாசம் தாங்கற மாதிரியும் இருக்கணும், தினமும் கழட்டி மாட்டி பயிற்சி பண்ற மாதிரியும் இருக்கணும். அம்மா இடது கை ஒண்ணாலயே மாட்டிக்கணும், இத டிசைன்ல மறந்துடாதீங்க, பட்டிய இழுத்து மடக்கற மாதிரி வளையம் வெச்சா ஒரே கையில முடியும்.

இன்னொண்ணு முக்கியம். ரேடியல் நரம்பு அடிபட்டவங்களுக்கு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, புறங்கை பக்கம் உணர்ச்சி கம்மியா இருக்கும். அங்க அழுத்தினா அம்மாவுக்கே தெரியாது. வலிக்கலனு சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க, கண்ணால பாருங்க. அந்த நரம்போட கிளை மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் தோலுக்கு கீழயே ஓடுது, அதுக்கு மேல பட்டிய இறுக்கிக் கட்டினா இருக்கறதும் கெடும்.

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்பேட்டை

கொலுசு, மோதிரம், சாமி கவசம்னு கேட் டிசைன் பண்றவன் நான், நம்மூர்ல வெள்ளித் தொழில்ல இப்ப பாதி வேலை கம்ப்யூட்டர்லதான். இழைய ஆரம்பத்துலருந்து படிச்சேன், சாஃப்ட்வேர் பக்கம் என்னால உதவ முடியும்.

சகோதரி, நீங்க படிச்ச மெக்கானிக்கல் கேட்ல ஸ்கெட்ச் போட்டு எக்ஸ்ட்ரூட் பண்ணி, அதாவது தட்டையான படத்த இழுத்து கனமாக்கிப் பழகியிருப்பீங்க. இதுக்கு அது ஒத்து வராது. ஸ்கேன் வர்றது லட்சக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணமா, மெஷ்னு சொல்வாங்க. மெஷ் மேலயே வேலை செய்யற சாஃப்ட்வேர் வேணும். பிளெண்டர் இலவசம், இதுக்கு தாராளமா போதும். மெஷ்மிக்சர் கத்துக்க சுலபம், ஆனா ஆட்டோடெஸ்க் அத இனி புதுப்பிக்கறதில்ல, அதனால புதுசா கத்துக்கறவங்க பிளெண்டர்லயே ஆரம்பிங்க. ஸ்கேன சுத்தம் பண்ண மெஷ்லேப், அதுவும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை, எங்க பட்டறையில இருக்கற ரெசின் பிரிண்டர்ல (திரவ ரெசின வெளிச்சத்தால இறுக வெக்கற பிரிண்டர்) அடிச்சா வழவழன்னு வரும்னு யாராச்சும் சொல்வாங்க, வேண்டாம். நாங்க அதுல அடிக்கறது உருக்கி வார்க்கற மாடலுக்கு. சரியா காயாத ரெசின் தோல்ல பட்டா அரிப்பு, அலர்ஜி வரும், நாள் பூரா ஒட்டிட்டு இருக்கற பொருளுக்கு அது ஆகாது.

மிளகுக்கொடி, ஏற்காடு

எல்லாருக்கும் நன்றிங்க. ஸ்கேன்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன். அம்மாவால மணிக்கட்ட தூக்கியே வெக்க முடியாதே, அதுதானே பிரச்சனையே, அப்புறம் 20 டிகிரி தூக்கின நிலையில எப்படி ஸ்கேன் எடுக்கறது? தலகாணி வெச்சா அடிப்பக்கம் மறையுது. போட்டோ எடுத்து கோக்கற முறையில பண்ணா எடுத்து முடிக்கறதுக்குள்ள கை அசைஞ்சு ரெண்டு தோல் மாதிரி வருது, சில எடம் ஓட்டையா வருது.

தாங்கிக்காரர், சேலம்

யோசிச்சுப் பாரு, பிரேஸ் எங்க முடியுது? விரல் முட்டிக்கு முன்னாடியே முடியுது. அப்ப விரல் ஸ்கேன்ல வரணும்னு அவசியமே இல்ல. அம்மா முழங்கைய மேஜைல ஊனி முன்கைய செங்குத்தா நிக்க வைக்கட்டும், இன்னொருத்தர் மேலருந்து அம்மாவோட நாலு விரல் நுனியையும் புடிச்சு மணிக்கட்டு சரியான கோணத்துல நிக்கற மாதிரி பிடிச்சுக்கட்டும். புடிச்சவரோட கை ஸ்கேன்ல விழுந்தா விழட்டும், அந்தப் பகுதிய வெட்டித் தூக்கிடலாம். முழங்கை மேஜைல ஊனியிருந்தா பாதி ஆட்டம் கொறஞ்சுடும். கை முறுக்காம, கட்டைவிரல் அவங்க மூஞ்சிய பாக்கற மாதிரி இருக்கட்டும், முன்கைய திருப்பினா சதையோட வடிவமே மாறும்.

அதுவும் முடியலனா மெடிக்கல்ல பிளாஸ்டர் பேண்டேஜ் வாங்கிட்டு வா, நான் சொல்லித் தர்றேன், அச்சு எடுத்து மாவு ஊத்தி அந்த மாவுக் கைய நிதானமா ஸ்கேன் எடு. அது அசையாது. பழைய முறையும் புது முறையும் ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்ல.

லேயர்லேயரா, ஐந்து ரோடு

ஸ்கேன் பத்தி நான் சொல்றேன். போட்டோ முறைக்கு தோல் வெறுமையா இருந்தா சாஃப்ட்வேருக்கு புள்ளி கிடைக்காது, அதான் ஓட்டை. கை பூரா கழுவினா போற மார்க்கர்ல தாறுமாறா புள்ளி, கோடு போடுங்க. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமா இருக்கணும், ஏற்காட்டுல இருக்கீங்க, பனி மூட்டமா இருக்கற நாள்ல திண்ணையில ஒக்காந்து எடுத்தா அத விட நல்ல வெளிச்சம் ஸ்டூடியோல கூட கிடைக்காது, நிழலே விழாது. முகத்தால லாக் திறக்கற ஐபோன் யார்கிட்டயாவது இருந்தா அந்த முன்பக்க சென்சார் இன்னும் வேகம், அது கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள அடிச்சு ஆழம் அளக்குது, சீக்கிரம் முடிஞ்சுடும், அசைய நேரமிருக்காது. சில ஐபோன்ல பின்பக்கம் இருக்கற லைடார்ன்ற லேசர் சென்சார் ரூம் அளக்கத்தான் லாயக்கு, மணிக்கட்டு மாதிரி சின்னதுக்கு அந்த நுணுக்கம் பத்தாது.

போட்டோ முறையில இன்னொரு சிக்கல், அதுக்கு நெஜ அளவு தெரியாது. பக்கத்துல ஏடிஎம் கார்டு வெச்சு எடுங்க, எல்லா கார்டும் 85.6 மிமீ நீளம்தான், அத வெச்சு அளவ ஏத்தி எறக்கிக்கலாம். கார்டு நம்பர் தெரியற பக்கத்த கவுத்து வைங்க.

தாங்கிக்காரர், சேலம்

அதோட டேப்லயும் அள. மணிக்கட்டு சுத்தளவு, முன்கை நடு, முழங்கைக்கு கீழ, உள்ளங்கை அகலம். கம்ப்யூட்டர்ல அதே எடத்துல வெட்டிப் பாத்து ஒத்துப்போகுதான்னு பாரு. ஒத்து வரலனா மேல ஒரு அடி கூட எடுத்து வைக்காத. சாயங்காலம் அள, காலைல இருக்கறத விட சாயங்காலம் கை கொஞ்சம் வீங்கியிருக்கும், காலைல எடுத்த அளவு சாயங்காலம் இறுக்கும்.

மிளகுக்கொடி, ஏற்காடு

ஸ்கேன் வந்துருச்சுங்க! பக்கத்து வீட்டு அண்ணன் விரல புடிச்சுக்கிட்டாரு, அவரு சொந்தக்காரர் ஐபோன் கொண்டு வந்தாரு. டேப் அளவோட மில்லிமீட்டர் கணக்குல ஒத்துப்போகுது. எலும்பு மேட்டுல போட்ட வட்டமெல்லாம் கலரா தெரியுது. இனி பிளெண்டர்ல எப்படி போறது?

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்பேட்டை

நல்லது. வரிசையா சொல்றேன் கேளுங்க. அசல் ஸ்கேன ஒரு காப்பி எடுத்து தனியா வெச்சுடுங்க, அதத் தொடவே வேணாம், கடைசி வரைக்கும் ஒப்பிட்டுப் பாக்க வேணும். இன்னொரு காப்பில புடிச்சவரோட கை, மேஜை எல்லாம் வெட்டி எடுங்க, ரீமெஷ் பண்ணி முக்கோணத்த எல்லாம் ஒரே சைஸ் ஆக்குங்க, ஒரு மிமீ போதும், அதுக்கு மேல நுணுக்கம் வெச்சா தோல் சுருக்கம் கூட பிளாஸ்டிக்ல வரும், தேவையில்ல. கலர பாத்துக்கிட்டே பிளெண்டரோட ஸ்கல்ப்ட்ல (களிமண் மாதிரி பிசையற வசதி) போயி வட்டம் போட்ட எடத்த மெதுவா ஊத வைங்க. எவ்ளோ ஒசத்தணும்னு அண்ணன் சொல்லட்டும்.

தாங்கிக்காரர், சேலம்

மணிக்கட்டு உருண்டைக்கு 3 மிமீ, மத்ததுக்கு 2. வெறும் மேடா ஒசத்தாத, சுத்தியும் விரல் அகலத்துக்கு சரிவா கரைஞ்சு போகணும். உள்ள ஃபோம் ஒட்டப் போறீங்கல்ல, அதோட கனம் தனி, அதையும் சேத்துக்கணும்.

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்பேட்டை

சரிங்கண்ணா. அப்ப ஃபோம் 2 மிமீன்னா மொத்த மேல்பரப்பையும் 2 மிமீ வெளிய தள்ளணும், அதுக்கப்புறம்தான் பிரேஸோட எல்லைக் கோட்ட வரையணும். கோட்டுக்கு வெளிய இருக்கறத அழிச்சா கையில ஒட்டின தோல் மாதிரி ஒரு பரப்பு மட்டும் மிஞ்சும். அதுக்கு சாலிடிஃபைன்ற கனம் குடுக்கற வசதில 3 மிமீ கனம், வெளிப்பக்கமா மட்டும். இதுல ஒரு எடத்துல எல்லாருக்கும் மாட்டும்: கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல குழிவா ஒரு வளைவு இருக்கு பாருங்க, அங்க வெளிப்பக்கமா தள்ளறப்ப பரப்பு தன்னைத்தானே குத்திக்கும், பிரிண்டர் சாஃப்ட்வேர் கொழம்பிடும். கனம் குடுத்ததுக்கு அப்புறம் இன்னொரு ரீமெஷ் போட்டு அந்த எடத்த மட்டும் ஸ்மூத் பண்ணுங்க, சரியாகிடும்.

ஓரத்த அப்படியே வெட்டின மாதிரி விடாதீங்க. கொஞ்சம் வெளிப்பக்கமா விரிச்சு உருட்டி விடுங்க. வெள்ளி வளையல்லயே ஓரம் உருட்டலனா தோல்ல கீறும், இது நாள் பூரா போடறது.

கனம், ஃபோமுக்குத் தள்ளின இடைவெளி இதையெல்லாம் மாடிஃபயர்லயே (அசல் மெஷ்ஷ மாத்தாம மேல போடற, எப்ப வேணா அளவு மாத்தற செட்டிங்) வைங்க, உடனே அப்ளை பண்ணிடாதீங்க, அப்பதான் நாளைக்கு அண்ணன் ஒரு மிமீ கூட்டுன்னா கூட்ட முடியும்.

அம்மாபேட்டை_தறி

குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்க பையனுக்கு பொறந்ததுலருந்தே ஒரு கை சரியா வராது, மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியே இருக்கும், பிரேஸ் போடறோம். வளர்ற பையன், எந்த பிரேஸ் வாங்கினாலும் சீக்கிரம் சின்னதாகிடுது. இந்த மாதிரி ஃபைல் இருந்தா பத்து பர்சண்ட் பெருசாக்கி பிரிண்ட் போட்டுக்கலாமா?

தாங்கிக்காரர், சேலம்

அப்படி மொத்தமா பெருசாக்கக் கூடாதுங்க. புள்ள நீளத்துல வளர்ற வேகம் வேற, சுத்தளவுல வளர்ற வேகம் வேற. மொத்தமா ஏத்தினா பிளாஸ்டிக் கனமும் ஏறும், ஃபோமுக்கு விட்ட இடைவெளியும் ஏறும், எலும்பு மேட்டுக்கு செஞ்ச குழி எடம் மாறிப் போகும். புதுசா ஸ்கேன் எடுத்துத்தான் ஆகணும்.

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்பேட்டை

ஆனா டிசைன் வேலை மிச்சமாகும் அண்ணாச்சி. பழைய பிரேஸோட எல்லைக் கோட்ட புது ஸ்கேன் மேல பிளெண்டர்ல இருக்கற ஷ்ரிங்க்ராப்ன்ற வசதியால போத்திவிட்டா அதுவே புதுக் கை மேல போயி ஒட்டிக்கும், அப்புறம் அங்கங்க திருத்தம்தான். முதல் தடவ செய்யறதுதான் கஷ்டம். ஸ்கேன் மட்டும் எடுத்துட்டு வாங்க, நான் பண்ணித் தர்றேன், காசு வேணாம். பையன பாத்துக்கற டாக்டர் எந்தக் கோணத்துல வெக்கணும்னு எழுதிக் குடுத்தா அதையும் எடுத்துட்டு வாங்க.

மிளகுக்கொடி, ஏற்காடு

இப்ப மெட்டீரியல் சொல்லுங்க. பிஎல்ஏவா வேற எதாவதா?

லேயர்லேயரா, ஐந்து ரோடு

முதல் பதிவுல பிஎல்ஏன்னு சொன்னேன், ஆனா விறகடுப்புன்னு நீங்க சொன்னதுக்கப்புறம் பிஎல்ஏ கண்டிப்பா வேணாம். அது 60 டிகிரிலயே இளகும். ஏப்ரல்ல சேலத்துல வெயில்ல நிறுத்தின காருக்குள்ள வெச்சாலே கோணிடும். பிஇடிஜின்ற (PETG) வேற பிளாஸ்டிக் போங்க, 80 டிகிரி வரைக்கும் தாங்கும், கொஞ்சம் வளைஞ்சும் குடுக்கும், சட்டுனு ஒடையாது. அடுப்புக்கு ரொம்ப பக்கத்துல அதுவும் ஆகாது, அது அம்மாவுக்கு தெரிஞ்சிருக்கணும். ஒரே சங்கதி, ஏற்காட்டு ஈரத்துல ரோல திறந்து வெச்சீங்கன்னா ஈரம் குடிச்சுடும், பிரிண்ட் நூல் நூலா வரும், அதனால ரோல் கீழ என்கிட்டயே காஞ்ச டப்பால இருக்கட்டும்.

பிரேஸ எந்தத் திசையில வெச்சு பிரிண்ட் அடிக்கறோம்ன்றது ரொம்ப முக்கியம். நிக்க வெச்சு அடிச்சா உள்பக்கம் அழகா வரும், ஆனா லேயர் எல்லாம் கைய சுத்தி வளையல் அடுக்கின மாதிரி இருக்கும், மணிக்கட்டுல எடை வந்தா ரெண்டு வளையலுக்கு நடுவுல பிரியும். பிரேஸுக்கு பாரம் வர்றதே மணிக்கட்டுலதான். படுக்க வெச்சு அடிச்சா லேயர் கையோட நீளத்துக்கு ஓடும், பலம், ஆனா உள்பக்கம் சப்போர்ட் (பிரிண்ட் ஆகறப்ப முட்டுக் குடுக்கற பிளாஸ்டிக்) ஒட்டி சொரசொரப்பா வரும், அத தேய்க்கணும், ஃபோமும் ஒட்டறதால பரவால்ல. நான் சாய்ச்சு வெச்சு அடிக்கறேன், ரெண்டுக்கும் நடுவுல. பிரிண்டரோட தட்டு 220க்கு 220 மிமீ, உங்க பிரேஸ் தாராளமா அடங்கும்.

சூரமங்கலம்_பிசியோ

தேன்கூடு ஓட்டைய பத்தியும் பேசிடலாம். போட்டோல அழகா இருக்கும், ஆனா வீக்கம் வர்ற கையில பெரிய ஓட்டை இருந்தா சதை அந்த ஓட்டை வழியா பிதுங்கும், ஓட்டையோட ஓரம் தோல்ல அச்சு பதியும். சின்ன சின்ன வட்ட ஓட்டையா, முன்கையோட சதைப்பகுதில மட்டும் போடுங்க. மணிக்கட்டு அடியில பாரம் தாங்கற எடத்துல ஒண்ணு கூட வேணாம். உள்ள ஒரு பருத்தி ஸ்டாக்கினெட் (குழாய் மாதிரி இருக்கற பின்னல் துணி உறை) போட்டு மேல பிரேஸ் போட்டா வேர்வை பாதி தீரும், ரெண்டு ஜோடி வாங்கி தொவைச்சு மாத்தி மாத்தி போடுங்க.

மிளகுக்கொடி, ஏற்காடு

பிரிண்ட் கையில வந்துருச்சு, நேத்து கீழ போயி தாங்கிக்காரர் அண்ணன் முன்னாடியே மாட்டிப் பாத்தோம். அரைமணி நேரம் போட வெச்சு கழட்டச் சொன்னாரு. கழட்டினதும் செவந்திருந்த எடத்தையெல்லாம் பேனால குறிச்சு, கடிகாரம் பாத்து ஒக்காந்தோம். மத்தது எல்லாம் சீக்கிரமே மறைஞ்சிருச்சு, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு ஓரத்துல மட்டும் செவப்பு போகல. அம்மாவுக்கு அங்க வலியே தெரியல, பிசியோ மேடம் சொன்ன அதே எடம். அண்ணன் ஹீட் கன் வெச்சு அந்த எடத்த சூடாக்கி ஒரு உருண்டையால உள்ளருந்து தள்ளி விட்டாரு. ஃபைல்லயும் அதே எடத்துல ஒரு மிமீ கூட்டிட்டேன், அடுத்த பிரிண்ட் சரியா வரும்.

அம்மா முதல்ல பண்ண காரியம் டம்ளர புடிச்சது. மணிக்கட்டு தூக்கி நின்னதும் புடி இவ்ளோ பலமா வரும்னு நான் நெனைக்கவே இல்ல, தொங்கற கையால ஒரு கரண்டி கூட இறுக்கிப் புடிக்க முடியாம இருந்தாங்க. ஆனா விரல விரிச்சு விடத்தான் கஷ்டப்படறாங்க, டம்ளர விடறப்ப இடது கையால எடுத்து விட வேண்டியிருக்கு. இதுக்கு பிரேஸ்லயே எதாவது பண்ண முடியுமா?

தாங்கிக்காரர், சேலம்

அது எதிர்பாத்ததுதான். மணிக்கட்டு தூக்கி நின்னா விரல மடக்கற தசைக்கு இழுவை கிடைக்கும், புடி பலமாகும். விரல அடிமுட்டில நீட்டறதும் அதே ரேடியல் நரம்போட வேலை, அது இன்னும் வரல. நுனி முட்டிங்கள நீட்டறது வேற நரம்பு, அதனால அது நடக்கும். இதுக்கு புறங்கை பக்கம் ஒரு கம்பிச் சட்டம் வெச்சு, ஒவ்வொரு விரலுக்கும் முதல் கணுவுல தோல் வளையம் போட்டு எலாஸ்டிக்கால மேல தொங்க விடற பிரேஸ் இருக்கு. அம்மா மடக்கறப்ப மடங்கும், விட்டா எலாஸ்டிக் நீட்டி விடும். நம்ம பிரேஸ் உள்ளங்கை பக்கம் ஓடா இருக்கறதால புறங்கை பக்கம் கட்டற மாதிரி தனியா ஒரு துண்டு டிசைன் பண்ணி பட்டியிலயே மாட்டலாம். எலாஸ்டிக் விரலுக்கு நேர் செங்குத்தா இழுக்கணும், சாஞ்சு இழுத்தா முட்டிய ஒரு பக்கமா கோணலாக்கும். இத டாக்டர்கிட்ட காட்டி கேட்டுட்டு அப்புறம் செய்யலாம், அவசரம் வேணாம்.

வெள்ளிப்பட்டறை, செவ்வாய்பேட்டை

அந்த புறங்கை துண்டுக்கு கம்பி சொருக துளை நான் வரையறேன். கம்பி 2 மிமீ ஸ்டீல்னா துளைய 2.2 வெச்சுக்கலாம், பிரிண்ட்ல துளை எப்பவும் கொஞ்சம் சின்னதாத்தான் வரும். சகோதரி, ஃபைல இங்க போடுவீங்களா, மத்தவங்களுக்கும் ஆகுமே?

மிளகுக்கொடி, ஏற்காடு

யோசிச்சேன். அம்மா கையோட பிரேஸ அப்படியே போட்டா யாராச்சும் பெருசு சின்னது பண்ணி பிரிண்ட் போட்டு வேற ஒருத்தர் கையில மாட்டிடுவாங்கன்னு பயமா இருக்கு, அது ரெடிமேட விட மோசமா போகும். அதனால நேரா பிரிண்ட் போடற எஸ்டிஎல் (STL) ஃபைல் போடல. கை ஸ்கேன் இல்லாம, எந்த மாடிஃபயர் எந்த வரிசைல, எவ்ளோ அளவுன்னு பிளெண்டர் ஃபைல் மட்டும் இந்த வாரம் போடறேன், அவங்கவங்க ஸ்கேன அதுல வெச்சுக்கட்டும். எலும்பு மேட்டுக்கான எடம் மட்டும் காலியா இருக்கும், அது கைய பாத்துத்தான் போடணும்.

அம்மாபேட்டை_தறி

அந்த ஃபைலுக்கு காத்திருக்கேன்மா. ஞாயித்துக்கிழமை பையன கூட்டிட்டு செவ்வாய்பேட்டை வர்றேன், தாங்கிக்காரர் அண்ணனும் வர முடியுமா?

தாங்கிக்காரர், சேலம்

பதினோரு மணிக்கு மேல வாங்க. இப்ப போட்டுட்டு இருக்கற பிரேஸையும், அதுக்கு முந்தினது இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, எங்க தேஞ்சிருக்குன்னு பாக்கணும். ராத்திரி கழட்டினதும் தோல்ல செவந்த எடம் இருந்தா போன்ல போட்டோ எடுத்து வைங்க.